கொட்டகைக்கு நாம் எழுதாத கணக்கு

1931ஆம் ஆண்டில் இரண்டு விதமான படங்கள் இருட்டிலிருந்து வெளியே வந்தன. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், நாயக்கர் காலத்துப் பூச்சு உதிர்ந்த இடங்களில், அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி என்ற வரலாற்றாசிரியர் கண்டு உலகுக்குச் சொன்னார். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டது. திரையில் தமிழ் பேசிய முதல் முழுநீளப் படம் அது. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி, நமக்குப் பக்கத்துத் திருவையாற்றில் பிறந்தவர்.

நூற்றாண்டுகளாக இருட்டில் கிடந்த சோழர் ஓவியம் இன்றும் சுவரில் இருக்கிறது. அதன் மேலிருந்த நாயக்கர் ஓவியத்தையும் வீணாக்காமல் தனியே உரித்தெடுத்துக் காக்கும் வழியைத் தொல்லியல் துறை கண்டுபிடித்தது. ‘காளிதாஸ்’ படச்சுருளோ ஓர் அடிகூட மிஞ்சவில்லை. தமிழில் ஒரு பெண் இயக்கிய முதல் படமான ‘மிஸ் கமலா’வை 1936இல் எடுத்தவரும் இதே ராஜலட்சுமிதான். அதுவும் போயிற்று.

சுருள்களை இழந்த பழியைப் படமெடுத்தவர்கள் மேல் போட்டுவிடலாம். பிரதிகளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றவர்கள் மேல் போடலாம். ஆனால் படங்கள் ஓடிய கொட்டகைகள் நம் ஊரில் இருந்தன, நம் தெரு முனையில் இருந்தன. அவை எப்போது வந்தன, யார் நடத்தினார்கள், யார் வேலை பார்த்தார்கள், எந்த ஆண்டு என்ன ஆயின என்று யாராவது கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. ‘அந்தக் காலத்துல இங்க ஒரு தியேட்டர் இருந்துச்சு’ என்பதோடு நம் வரலாறு முடிந்துவிடுகிறது. இந்தப் பழியை வாங்கிக்கொள்ள வெளியூரிலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

தஞ்சைக்காரர்களுக்கு வரலாறு பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நாமே சொல்லிக்கொள்வோம். பெரிய கோயிலை 1987இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2010இல் அதன் ஆயிரமாவது ஆண்டை ஊரே விளக்கேற்றிக் கொண்டாடியது. சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளும் மராத்தி மோடி எழுத்து ஆவணங்களும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இத்தனையும் வைத்திருப்பவர்கள் என்ற பெருமையே நம் கண்ணை மறைத்தது. கல்லில் இருந்தால் வரலாறு, ஓலையில் இருந்தால் வரலாறு, தகரக் கூரையின் கீழ் நடந்தது பொழுதுபோக்கு என்று நாம் பிரித்துவிட்டோம். அப்படிப் பிரித்தவர்களில் பேராசிரியர்கள் உண்டு, மிராசுதாரர்கள் உண்டு, கட்சிக்காரர்கள் உண்டு. கொட்டகையில் விடிய விடியக் கிடந்த ரசிகர்களும் உண்டு.

கொட்டகை என்பதே நம் ஊருக்குச் சினிமாவோடு வந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், மராட்டிய வழி வந்த நவாப் கோவிந்தசாமி ராவ் தஞ்சையில் மனமோகன நாடகக் கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்தே இங்கே நாடகத்துக்குக் கூரை போடத் தெரியும். கும்பகோணத்தில் வாணி விலாச சபை இருந்தது. தஞ்சையில் சுதர்சன சபா இருந்தது. ராமலீலா ஆடிய மேடை மறுநாள் தேசியக் கூட்டத்துக்குப் பயன்பட்டது. மேடைக்குப் பின்னால் வெள்ளைத்துணி கட்டியதும் அதே கூடம் பயாஸ்கோப் கொட்டகையானது.

அந்தத் துணி வந்த வழியும் நமக்கு அருகில்தான். 1905இல் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், அங்கே வந்து நின்றுபோன டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் இயேசுவின் வாழ்க்கை பற்றிய படச்சுருளையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அவர் கதையைக் கோவைக்காரர்கள் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். திருச்சியிலிருந்து ரயிலேறினால் அடுத்த பெரிய ஊர் தஞ்சாவூர். இங்கே முதல் கூடாரம் எந்தத் திடலில் நின்றது என்று சொல்லக்கூடிய தாத்தாக்கள் உயிரோடிருந்த காலத்தில் நாம் கேட்கவில்லை.

கிராமங்களுக்குச் சினிமாவைக் கொண்டுபோனது டூரிங் கொட்டகை. பனையோலைக் கீற்றும் சவுக்கு மரமும் வைத்துத் திடலில் எழுப்பிய கூரை. குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமம். அது முடிந்தால் பிரித்து எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போக வேண்டும். தரைக்கு மணல், நடுவில் பெஞ்சு, பின்னால் மடக்கு நாற்காலி. பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம், நடுவே இடுப்புயரத் தடுப்பு. புரொஜெக்டர் ஒன்றுதான் என்பதால் சுருள் மாற்ற மாற்ற இடைவேளை. சாயங்காலம் குழாய் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு எழுந்தால் நடவு வயலில் இருப்பவர்களுக்கு நேரம் தெரியும். இரண்டாம் ஆட்டம் முடிந்து வாய்க்கால் கரையோடு அரிக்கேன் விளக்குகள் வரிசையாகப் போகும். இவ்வளவும் நம் ஊர்ப் பெரியவர்கள் வாயால் கேட்டது. எழுத்தில் தேடினால் சில சிறுகதைகளிலும் சில தன்வரலாறுகளிலும் ஓரிரு பத்திகள் கிடைக்கும்.

டூரிங் கொட்டகையின் பெட்டிக் கணக்கு வயலோடு கட்டப்பட்டிருந்தது. குறுவை அறுப்பு முடிந்து கையில் காசு வரும்போது தீபாவளிப் படம். சம்பா அறுப்போடு பொங்கல் படம். நடவும் இல்லாமல் அறுப்பும் இல்லாமல் கூலி நின்ற மாதங்களில் பழைய படங்களே மீண்டும் மீண்டும் ஓடின. படம் பார்த்த கூட்டம் வெறும் ரசிகர் கூட்டம் இல்லை, அது அந்த வாரத்துக் கூலிக் கணக்கும்கூட. ஒவ்வொரு காட்சிக்கும் தரை எத்தனை, பெஞ்சு எத்தனை, நாற்காலி எத்தனை என்று எழுதி, விநியோகஸ்தரின் ஆள் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போன டி.சி.ஆர். என்னும் அன்றாட வசூல் தாள்கள் காவிரி டெல்டா முழுவதும் பல பத்தாண்டுகள் எழுதப்பட்டன. ஒரு கிராமத்துப் பண்ணையாளின் பையில் எந்த மாதம் எவ்வளவு காசு மிச்சம் இருந்தது என்று சொல்லக்கூடிய ஆவணம் அதைப்போல் வேறில்லை. அவை எடைக்குப் போயின. எடைக்குப் போட்டவர்கள் வியாபாரிகள். ‘அதை இங்கே கொடுங்கள்’ என்று கேட்காதவர்கள் நாம்.

இலங்கைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் தமிழ் சினிமாவைப் பற்றி எழுதிய சிறு நூலில் சொன்ன கருத்து ஒன்று அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. எல்லாச் சாதியாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான். இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அன்று, டிக்கெட் விலை என்பது அதன் சாரம். மதுரைக்கும் சென்னைக்கும் அது பொருந்துவதைவிடப் பலமடங்கு கனமாகத் தஞ்சைக்குப் பொருந்தும். பண்ணையாட்களுக்குச் சட்டப் பாதுகாப்பு என்று ஒன்று தஞ்சை மாவட்டத்துக்கு வந்ததே 1952இல்தான். கூலி கேட்டுச் சங்கமானவர்கள் மேல் மூண்ட ஆத்திரத்தில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்டார்கள். கோயிலில் ஓர் எல்லை, டீக்கடையில் ஒரு குவளை, குளத்தில் ஒரு படித்துறை என்று கோடு கிழித்த ஊரில், காசு கொடுத்தால் உள்ளே போகலாம் என்ற கதவு கொட்டகைக் கதவு. செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து உழவர் இயக்கத்திலிருந்து வந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டை, எந்த வயலைப் பற்றி அவர் எழுதினாரோ அந்த வயலில் வேலை பார்த்தவர்கள் மணல் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மணலில் யார் உட்கார்ந்தார்கள், நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்பது பெரும்பாலும் ஊரின் பழைய வரிசைதான். கதவு பொது, உள்ளே விலை வைத்துப் பிரித்தார்கள். ஆனாலும் அந்தக் கதவை நாம் சாதனையாக நினைத்ததில்லை. ‘கூத்தாடிப் பிழைப்பு’, ‘கொட்டகையில பொழுத ஓட்டற பயலுக’ என்று பேசினோம். அந்தக் கதவு மூடியபோது அதோடு எது போயிற்று என்று தெரியாமல் போனதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

கொட்டகை ஏன் காலியானது என்று கேட்டால் நம்மிடம் தயாராகப் பட்டியல் இருக்கிறது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி. எண்பதுகளில் வீடியோ டெக்கு. 1993இல் சன் டிவி. 2006க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி. பிறகு செல்போன், 2020இல் கொரோனா, நேரடியாக வீட்டுக்கு வந்த புதுப்படம். பட்டியல் பொய்யில்லை. ஆனால் அதில் வருகிற எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. நம் பெயர் எங்கும் இல்லை.

பெண்களிடம் கேட்டால் வேறு பட்டியல் கிடைக்கும். கழிவறைக்குக் கதவில்லாத கொட்டகைகள். தண்ணீர் இல்லாத கழிவறைகள். இருட்டில் வருகிற கை. பீடிப் புகை, விசில், முதல் நாள் காட்சியின் தள்ளுமுள்ளு. 1979இல் தூத்துக்குடி லட்சுமி டாக்கீஸில் கீற்றுக் கூரை தீப்பற்றியபோது வெளியேற முடியாமல் ஏராளமானோர் மாண்டார்கள். பெண்கள் பக்கத்து வழி எப்படி இருந்தது என்று அப்போதுதான் எல்லாரும் கேட்டார்கள். விதிகள் இறுகின. ஆனால் டெல்டாவின் நிரந்தரத் திரையரங்குகளில்கூட ஒரு தாய் கைக்குழந்தையோடு நிம்மதியாக மூன்று மணி நேரம் உட்காரும் நிலை எத்தனை இடத்தில் இருந்தது? தொலைக்காட்சி வந்ததும் முதலில் கொட்டகையை விட்டு எழுந்துபோனவர்கள் பெண்கள். அவர்களை டிவி இழுத்துக்கொண்டது என்று நாம் எழுதினோம். ஆண்களாகிய நாம் அதற்கு முன்பே அவர்களை வெளியே தள்ளிவிட்டிருந்தோம். குடும்பம் வராத கொட்டகையில் எந்தப் படம் ஓடும் என்று தெரிந்த முதலாளிகள் காலைக்காட்சிக்கு வேறுவிதப் படங்களைப் போட்டார்கள். அதைக் காரணம் காட்டி மற்றக் காட்சிகளுக்கும் குடும்பங்கள் வராமல் போயின. அந்த வட்டத்தை உடைக்க ஒரு நகர்மன்ற உறுப்பினர்கூடக் குரல் கொடுத்ததாக நமக்கு நினைவில்லை.

திருட்டு விசிடிக் காலத்தையும் நாம் மறந்தது போல நடிக்கிறோம். 2004இல் தமிழக அரசு அதைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் பேருந்து நிலைய வாசலில் விரித்த துணியில், வெள்ளிக்கிழமை வந்த படம் சனிக்கிழமை கிடைத்தது. வாங்கியவர்கள் வறியவர்கள் மட்டும் இல்லை. சம்பளம் வாங்கும் குடும்பங்களும் வாங்கின. ‘டிக்கெட் விலை ஏறிப்போச்சு’ என்றோம். முதல் மூன்று நாளில் கள்ளச் சந்தையில் இரண்டு மடங்கு கொடுத்ததும் நாம்தான், நாலாவது நாள் காலி நாற்காலியைக் கண்டு ‘படம் தேறாது’ என்று தீர்ப்புச் சொன்னதும் நாம்தான். முன்பு ஒரு படம் நகரத்தில் ஓடி, பிறகு சிறு நகரத்துக்கும், பிறகு கீற்றுக் கொட்டகைக்கும் இறங்கி வர மாதக்கணக்காகும். அந்த இறக்கத்தில் கொட்டகைக்காரர் பிழைத்தார். எல்லா ஊரிலும் ஒரே நாளில் படம், மூன்று நாளில் வசூல் என்றானபின் கடைசிப் படிக்கட்டில் இருந்தவருக்குப் படமே மிஞ்சவில்லை.

இதில் நம் குற்றம் ஆகாத ஒன்றையும் நேர்மையாகச் சேர்க்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் வராதது நம் அலட்சியத்தால் இல்லை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12ஆம் தேதியில் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் திறக்கப்படவில்லை. குறுவை போனால் தீபாவளிக் காசு போனது. திருப்பூருக்கும் சென்னைக்கும் இளைஞர்கள் போனார்கள். வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியபின் அறுப்புக் கூலி என்ற மொத்தக் காசே குறைந்தது. சிற்றூர்க் கொட்டகை மூடியதில் காவிரிக்கும் பங்குண்டு. ஆனால் நகரத்துக் கொட்டகைகள் மூடியதற்குக் காவிரியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

தஞ்சையில் யாகப்பா, ஞானம், ராஜா கலையரங்கம். கும்பகோணத்தில் டைமண்ட். மயிலாடுதுறையில் பியர்லெஸ். திருவாரூரில் தைலம்மை. இந்தப் பெயர்களைச் சொன்னால் ஐம்பது வயதைத் தாண்டிய எவருக்கும் ஒரு படம் ஞாபகம் வரும், கூடப் போன ஆள் ஞாபகம் வரும். வழி சொல்வதற்கும் இந்தப் பெயர்கள்தாம். ‘தியேட்டர் ஸ்டாப்புல இறங்கிக்குங்க’ என்கிறோம். பெயரை நாம் இவ்வளவு காலம் உபயோகித்தோம், கட்டடத்துக்கு என்ன ஆகிறது என்று கேட்கவில்லை.

தமிழ்நாட்டு ஊர்கள் எல்லாவற்றிலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. சரிவான தரையில் மணல் கொட்டிச் சமன் செய்தால் கல்யாண மண்டபம். நாற்காலிகளைப் பெயர்த்தால் உர மூட்டைக்குக் கிடங்கு. நடுவில் சுவர் எழுப்பினால் ஜவுளிக்கடை. மொத்தமாக இடித்தால் மனை. மாற்றுப் பயன் வந்ததைப் பற்றி நமக்குப் புகார் இருக்கக் கூடாது. நாடக மேடையாக இருந்து பயாஸ்கோப்பாகி, பேசும் படமாகி, இடையே கட்சிக் கூட்டத்துக்கும் இசைக் கச்சேரிக்கும் இடம் கொடுத்ததுதான் கொட்டகையின் வரலாறே. சென்னை அண்ணா சாலையில் 1913இல் எழுந்த எலக்ட்ரிக் தியேட்டர் தபால் துறைக்குப் போய், தபால்தலைப் பிரிவாக இன்றும் நிற்கிறது. வேலை மாறியும் கட்டடம் பிழைத்தது. வாசலில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதும் பிழைத்தது.

நம்முடைய தவறு, பொதுப் பயன் தனிப்பயனாக மாறிய ஒவ்வொரு முறையும் மௌனமாக இருந்தது. சுதர்சன சபா நின்ற நிலம் நகராட்சியின் நிலம். நாடகக் கலை வளர்க்கக் குத்தகைக்கு விடப்பட்டது. நாடகம் குறைந்தது, வளாகத்தில் கடைகள் பெருகின, வாடகைப் பாக்கி பற்றிய பேச்சு எழுந்தது. கடைசியில் குத்தகை மீறல் என்று சொல்லி மாநகராட்சி அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சட்டத் தகராறில் யார் சரி என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாடகத்துக்கென்று ஒதுக்கிய ஊர்ச் சொத்தில் நாடகம் நின்றுபோன அத்தனை ஆண்டுகளில் ‘இங்கே ஏன் நாடகம் இல்லை’ என்று எந்தக் கலைமன்றம் மனுக் கொடுத்தது? எந்தக் கல்லூரித் தமிழ்த்துறை மாணவர்களை அங்கே அழைத்துப் போய்க் காட்டியது? நாம் அங்கே சாப்பிடப் போனோம், சாமான் வாங்கப் போனோம்.

தஞ்சையில் திருவள்ளுவர் பெயரில் ஒரு திரையரங்கம் இருந்தது. அதுவும் மாநகராட்சிச் சொத்து. ஸ்மார்ட் சிட்டித் திட்டக் காலத்தில் அந்த இடத்தில் வணிக வளாகம் வந்தது. கடைகளை ஏலம் விட்டபோது எத்தனை லட்சம் என்று ஊரே பேசியது. பொது மக்கள் கூடிப் பார்க்க, கேட்க, பேச இந்த நகரத்தில் இனி மாநகராட்சியின் எந்தக் கூடம் என்று பேசியவர்கள் எத்தனை பேர்? அரசுக்குச் சினிமா நடத்தத் தெரியாது என்று சட்டென்று சொல்லிவிடுவோம். கேரளத்தில் 1975இல் தொடங்கிய அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று திரையரங்குகளை நடத்துகிறது. சர்வதேசத் திரைப்பட விழாப் படங்கள் அங்கே ஓடுகின்றன, சாதாரண வெள்ளிக்கிழமைப் படமும் ஓடுகிறது. அங்கே கேட்க ஆள் இருந்தது.

ரசிகர்களாக இருப்பதில் நமக்கு இணை கிடையாது. ‘ஹரிதாஸ்’ 1944இல் வெளியாகிச் சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்டது. அதன் நாயகர் தியாகராஜ பாகவதர் மாயவரத்தவர், நாயகி டி.ஆர். ராஜகுமாரி தஞ்சாவூரார். பெருமைப்பட்டோம். ‘பராசக்தி’ வசனத்தைத் திருக்குவளைக்காரர் எழுதினார் என்று மனப்பாடமாகச் சொன்னோம். 1973இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக ‘ராஜராஜ சோழன்’ வந்தபோது நம் கோயிலே அகலத்திரையில் வந்துவிட்டது போலக் கொண்டாடினோம். அதில் ராஜராஜனாக நடித்த சிவாஜி கணேசன், சூரக்கோட்டைப் பண்ணைக்காரர், 1989 சட்டமன்றத் தேர்தலில் திருவையாற்றில் நின்று தோற்றார். ஓட்டைப் பற்றிப் பேச வரவில்லை. வாக்காளர்கள் அவரவர் அரசியலின்படி சரியாகவே நடந்துகொண்டார்கள். கைதட்டுவதும் பொறுப்பெடுப்பதும் தனித்தனி என்பது நமக்கு எப்போதும் தெரிந்திருந்தது என்பதற்காகச் சொல்கிறோம். கொட்டகை விஷயத்தில் கைதட்டலோடு நிறுத்திக்கொண்டோம்.

கொட்டகையில் வேலை பார்த்தவர்களிடம் நாம் பட்டிருக்கும் கடன்தான் எல்லாவற்றிலும் பெரியது.

ஆபரேட்டர் வேலை அரசின் மின் ஆய்வுத் துறை நடத்தும் தேர்வெழுதி உரிமம் வாங்கிச் செய்கிற வேலை. கார்பன் குச்சிகள் இரண்டும் முனைக்கு முனை எரிந்து தேயத் தேய, இடைவெளியைக் கையால் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கண் எடுத்தால் திரை மங்கும். இரண்டு புரொஜெக்டர் உள்ள அரங்கில், திரையின் வலது மேல்மூலையில் கண நேரம் தோன்றி மறையும் புள்ளியைப் பார்த்து அடுத்த எந்திரத்துக்கு மாற்ற வேண்டும். நம்மில் பலர் அந்தப் புள்ளியைப் பார்த்ததே இல்லை, பார்க்கவிடாமல் அவர் மாற்றினார். சுருள் அறுந்தால் வெட்டி ஒட்டுவார். அந்த இரண்டு நிமிடத்தில் கீழேயிருந்து நாம் எறிந்த வார்த்தைகளை அச்சில் போட முடியாது. ஒரே பிரதியை இரண்டு அரங்குகள் பங்கிட்டு ஓட்டியபோது, முதல் சுருள் இங்கே ஓடி முடியுமுன் அடுத்த அரங்கில் காத்திருக்கும் கூட்டத்துக்காகப் பெட்டியைச் சைக்கிளில் வைத்து மிதித்தவர் ஒருவர். மைதாப் பசை வாளியோடு விடியற்காலையில் போஸ்டர் ஒட்டியவர் ஒருவர். தட்டிக்குப் பெயர் எழுதிய ஓவியர், மாட்டுவண்டியில் மைக் கட்டிப் போய்ப் பிட் நோட்டீஸ் வீசியவர், டிக்கெட் கிழித்தவர், டார்ச் அடித்து இடம் காட்டியவர், முறுக்குத் தட்டைத் தலையில் தூக்கியவர், காட்சி முடிந்தபின் நாம் போட்ட குப்பையைப் பெருக்கியவர்.

2010களில் பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. சென்னையிலிருந்து செயற்கைக்கோள் வழியாகவோ வட்டிலோ படம் வந்தது, பெட்டி தூக்குகிறவருக்கு வேலை இல்லை. ஆபரேட்டர் அறையில் பொத்தான் அழுத்தினால் போதும் என்றானது. இரும்பு புரொஜெக்டர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அவற்றில் ஒன்றை அரண்மனை வளாகத்தில் ஓர் ஓரமாக நிறுத்தி வைக்கலாமே என்று நாம் யாரும் கேட்டதில்லை. அதை ஓட்டியவருக்கு ஓய்வூதியம் உண்டா, வேறு வேலை கிடைத்ததா என்றும் கேட்டதில்லை.

கேட்காமல் இருந்ததற்கு ‘அப்படியெல்லாம் எழுதி வைக்கும் வழக்கம் நமக்கில்லை’ என்று சமாதானம் சொல்ல இந்த ஊரில் மட்டும் முடியாது. பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டில் நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர் இருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், ஆண்டுக்குப் பங்கு நூறு கலம் நெல் என்று இருக்கிறது. நட்டுவனார், பாடகர், உடுக்கை வாசிப்பவர் மட்டும் இல்லை. கணக்கர், குடை பிடிப்பவர், விளக்கேற்றுபவர், நீர் தெளிப்பவர், துணி வெளுப்பவர், தையற்காரர், தச்சர் என்று கலைக்கூடத்தைச் சுமந்த கடைசி ஆள் வரைக்கும் கல்லில் இடம் உண்டு. அரசன் தன் மகிமைக்காகத்தான் வெட்டினான் என்று சொல்லலாம். சொன்னாலும் பெயர்கள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டு கழித்து, எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரிந்த, கையில் கேமரா உள்ள ஊரில், எழுபது ஆண்டு திரையரங்க உழைப்பில் ஒருவர் பெயரைக்கூட நாம் பொதுவில் எழுதி வைக்கவில்லை.

வேறு சிலர் செய்தார்கள். தபால் துறை அதிகாரியாக இருந்துகொண்டே தியடோர் பாஸ்கரன் தமிழ் சினிமா வரலாற்றைக் காப்பகங்களில் தோண்டி எடுத்து 1981இல் நூலாக்கினார். பிலிம் நியூஸ் ஆனந்தன் தனியொருவராகச் சேர்த்த தகவல்களும் படங்களும் இல்லையென்றால் பாதி விவரம் இன்று கிடையாது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் பணத்தில் வாங்கிச் சேர்த்தவற்றால்தான் பாட்டுப் புத்தகங்களும் நோட்டீஸுகளும் சென்னையில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன. தனி மனிதர்கள் செய்ததை ஒரு மாவட்டமே சேர்ந்து செய்யவில்லை. தமிழ்ப் பல்கலைக்கழகம் நம் ஊரில் 1981இலிருந்து இருக்கிறது. நாம் அதனிடம் போய் இதையும் ஆய்வாக எடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

செய்வதற்கு இன்னும் சில இருக்கின்றன. மாநகராட்சிக்கும் நகராட்சிகளுக்கும் சொந்தமான கலையரங்க நிலங்களின் பட்டியலும் குத்தகை விதிகளும் வெளிவர வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து கையில் இருக்கிறது, ஒரு விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய். ஊருக்கு ஒரு கூடமாவது குறைந்த வாடகையில் நாடகத்துக்கும் படத்துக்கும் கூட்டத்துக்கும் கிடைக்க வேண்டும், அதில் பெண்கள் கழிவறை முதலில் கட்டப்பட வேண்டும். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒற்றைத் திரை அரங்குகளுக்கு நாலாவது நாளும் நாம் போக வேண்டும். பரணில் கிடக்கும் பாட்டுப் புத்தகத்தை, நோட்டீஸை, அரங்கத்தின் பழைய புகைப்படத்தைப் பழைய பேப்பர்க்காரருக்கு முன் மாவட்ட மைய நூலகத்துக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வாங்க மாட்டோம் என்றால், ஏன் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும், கூட்டம் வேண்டும், தீர்மானம் வேண்டும் என்று தள்ளிப்போடலாம். ஒன்றுக்கு மட்டும் எதுவும் வேண்டாம். கார்பன் வெளிச்சத்தில் வேலை பார்த்த ஆபரேட்டர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால்கூட அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவரவர் தெருவில், அவரவர் ஊர்க் கொட்டகையில் வேலை பார்த்தவர் யாரென்று விசாரித்து, பெயர், பார்த்த வேலை, ஆண்டு, கூலி என்று நான்கு வரி எழுதினால் போதும். கணக்கை அங்கிருந்து தொடங்குவோம்.